ஏழாவது படுக்கை

குன்றையூரில் பதினோரு பெண்கள் மூச்சில்லாமல் நடமாடிய நாற்பது நாட்களைப் பற்றி யாரைக் கேட்டாலும், முதலில் அந்த வருஷத்து வெயிலைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள்; தார் ரோடு செருப்பில் ஒட்டியதையும் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடியதையும் சொல்லிவிட்டு, அப்புறம்தான், ஏதோ மின்சாரம் போய் வந்ததைச் சொல்வது மாதிரி, அந்தப் பொம்பளைகளுக்கு மூச்சு இல்லாமல் போனதைச் சொல்வார்கள். பயந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஊருக்கு மேற்கே ஒற்றைப் பாறையாகக் கிடக்கிற குன்றின் நெற்றியில் ஒரு குகை இருக்கிறது, அதற்குள் தலையணையோடு சேர்த்துச் செதுக்கிய பதினோரு கல் படுக்கைகள் இருக்கின்றன. பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயர். ஐந்து பேருக்கு எதற்குப் பதினோரு படுக்கை என்று கேட்டால், விருந்தாளி வந்தால் அவர்களைத் தரையிலா படுக்கவைப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். உண்மையில் அங்கே முதலில் படுத்தவர்கள், சோறு தண்ணீரை ஒதுக்கிவிட்டு வடக்கே முகம் வைத்து மூச்சு தானாக நிற்கும்வரை காத்திருந்த சமணத் துறவிகள். அவர்களுக்குப் பிறகு சித்தர்கள் வந்தார்கள், உடம்பைப் பட்டினி போட்டா கொல்வது, எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது என்று சண்டை பிடித்தார்கள், மூக்கின் இந்தத் துளையையும் அந்தத் துளையையும் மாற்றி மாற்றி அடைத்துச் சாவை ஏமாற்றப் பார்த்தார்கள். பிறகு மடம் வந்தது, மடத்துக்கு வந்த அரண்மனைப் பயில்வான்கள் தலைகீழாக நின்றார்கள். பிறகு கையில் கடிகாரத்தோடு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து, மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு பக்கிரியை மூன்றாம் நாள் தோண்டி எடுத்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். பிறகு அந்த யோகம் பள்ளிக்கூடத்தில் டிரில் ஆனது, டிவியில் காலை நிகழ்ச்சி ஆனது, சர்க்கரை நோய்க்கு மருந்து ஆனது, சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிற ஒரு நீலப் பாய் ஆனது, கடைசியில் மேலிடத்திலிருந்து வருகிற சுற்றறிக்கை ஆனது. வந்தவர்கள் எல்லோரும் தேடியது மூச்சு அடங்கி மனசும் அடங்குகிற ஓர் இடத்தை. அது கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்று குன்றுக்குத்தான் தெரியும்.

சுற்றறிக்கை பவளக்கொடியிடம்தான் வந்தது. பவளக்கொடி அரசு மகளிர் பள்ளியின் உடற்பயிற்சி டீச்சர். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்ச்சும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கணவர் இறந்து ஒன்பது வருஷம், வீட்டில் அவளும் இருபத்திரண்டு வயது மகள் இளவேனிலும் மட்டும்தான். யோகா தினத்துக்கு முன்பாக ஊர்ப் பெண்களை வைத்து ஒத்திகை நடத்தி, பழமையான ஓர் இடத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. குன்றையூரில் பழமையானது குகை ஒன்றுதான். அவளுடைய காலை யோகா வகுப்புக்கு வருகிற பத்துப் பேரோடு இளவேனிலையும் சேர்த்துப் பதினோரு பேர், பதினோரு படுக்கை. கணக்கு இப்படிக் கச்சிதமாகப் பொருந்தியபோதே அவளுக்கு உதைத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு மேலேறினார்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இளவேனிலை வாசலை ஒட்டிய முதல் படுக்கையில் படுக்கவைத்தாள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செங்கமலத்தை, படத்தில் அவ்வளவாகத் தெரியாத ஏழாவது படுக்கையில், குகையின் உள்மூலையில் போட்டாள். செங்கமலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. வீசிங் உள்ளவள், பன்னிரண்டு வருஷமாக மல்லாந்து தூங்கியறியாதவள். போட்டோக்காரர் படம் எடுத்தார். அவரைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கிழக்கே திரும்பி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு பவளக்கொடி சவாசனத்துக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான் அவள் பாணி; அப்போதுதான் குரல் இறங்கி வரும் என்பாள்.

"பாதத்த மறந்துடுங்க. முழங்கால மறந்துடுங்க. இடுப்ப, வயித்த, நெஞ்ச மறந்துடுங்க. மூச்சையும் மறந்துடுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் அது இங்கயே கெடக்கட்டும்."

அந்த நேரத்தில் அவள் போன் அதிர்ந்தது. கல்வி அலுவலகம். குகையில் சிக்னல் நிற்காது, எடுத்ததும் அறுந்துவிட்டது. படியில் இறங்கி இறங்கி, பாதிக் குன்றில் சிக்னல் கிடைத்தபோது, பெயர்ப் பட்டியலோடு உடனே நேரில் வரச்சொன்னார்கள். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வலது பக்கமாகத் திரும்பிப் படுங்கள், கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள் என்று முடிக்கிற வார்த்தைகளைச் சொல்லவே இல்லை. வெயில் ஏறியதும் பதினோரு பேரும் தாங்களாகவே எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, வரிசையாக இறங்கி வீட்டுக்குப் போனார்கள். மூச்சு மட்டும், சொன்ன பேச்சைக் கேட்டு, அங்கேயே கிடந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்த பவளக்கொடி, மகள் பேசாமல் இருப்பதைக் கோபம் என்று நினைத்தாள். இரண்டு பேருக்கும் கொஞ்ச நாளாகவே உரசல்தான். சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தாள். இளவேனில் எந்த டீயையும் மூன்று தடவை ஊதாமல் குடிக்கமாட்டாள். அன்றைக்கு ஊதாமல், கொதிக்கக் கொதிக்க, முகம் மாறாமல் குடித்தாள். பவளக்கொடி மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் பிடித்தாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. மகள் அவளைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் கண்ணாடியும் கையுமாக வெளியே வந்திருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பதினோரு பேரையும் வரிசையில் உட்காரவைத்து விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். நாடி ஓடியது, ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது காட்டியது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, மூச்சு தவிர வேறு குறை இல்லை என்று சீட்டில் எழுதி, வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்தான் பிடித்தது. மூச்சு இல்லாததால் அந்தப் பெண்களால் பேச முடியவில்லை, பெருமூச்சு விட முடியவில்லை, அடுப்பு ஊத முடியவில்லை, பூ வாசனை தெரியவில்லை. பூக்காரி அவர்கள் வாசலைத் தாண்டிப் போனாள். ஆனால் சமைத்தார்கள், துவைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரினார்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. நகம் வளரவில்லை, முடி நரைக்கவில்லை. ஒரு சாவு வீட்டில் மற்ற பெண்களோடு அவர்களும் வட்டமாக உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். சத்தமில்லாமல் அந்த வாய்கள் திறந்தே இருந்ததைப் பார்த்துப் பிணத்தின் சொந்தக்காரர்களே எழுந்து வெளியே போய்விட்டார்கள். மறுநாள் அதையும் மறந்துவிட்டார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது என்று ஒரு புருஷன் டீக்கடையில் சொல்ல, அடுத்தவன் சிரிக்க, மூன்றாமவன், ராத்திரி பக்கத்தில் படுக்கப் பயமாயிருக்கு அண்ணே என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனான். வெளியூரிலிருந்து வேன்களில் ஆட்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் ரிஷிகள் ஆயிரம் வருஷம் தவம் கிடந்தும் கிடைக்காதது இந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் கிடைத்துவிட்டது என்று மைக்கில் பேசினார்கள். சமாதி நிலையை அடைந்த அன்னையர் என்று பேனர் கட்டினார்கள். பேனரில் இளவேனில் படம்தான் பெரிதாக இருந்தது.

குகைக்குள் மூச்சு கேட்டது. முதலில் போய்க் கேட்டவள் பவளக்கொடிதான். ஆளில்லாத பதினோரு படுக்கைகளிலிருந்து பதினோரு மூச்சுகள், ஒன்று வேகமாக, ஒன்று நிதானமாக, மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன. கல்லுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டினால் வெதுவெதுப்பு பட்டது. முதல் படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். உள்ளே கீச்சுக் கீச்சென்று இழுப்புச் சத்தம். இரண்டு வயதில் நிமோனியா வந்தபோது இளவேனில் இப்படித்தான் இழுத்தாள், பதினேழு நாள் பவளக்கொடி அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கல்லின் குளிர்ச்சியில் பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தாள். "தங்கம், அம்மா வந்துட்டேன்டா" என்று அந்தச் சத்தத்தின்மேல் கவிழ்ந்து அழுதாள்.

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் முதல் படுக்கையில் படுக்கவைத்து, விட்டுப்போன வார்த்தைகளைச் சொன்னாள். வலது பக்கமாகத் திரும்பிப் படுங்க என்று சொன்னதுமே குகை முழுவதும் ஒரு அசைவு. பதினோரு படுக்கையின் மூச்சும் கிளம்பி வந்து, அங்கே கிடந்த ஒரே ஓர் உடம்புக்குள் நுழையப் பார்த்தன. இளவேனிலின் நெஞ்சு உப்பியது, இன்னும் உப்பியது, ஜாக்கெட் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது, கண்கள் அப்போதும் அமைதியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. "வேணாம், வேணாம், போங்க" என்று பவளக்கொடி மகளை இழுத்துக் கீழே போட்டாள். காற்று இறங்கிவிட்டது. அவள் மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குன்றின் அடிவாரத்து மடத்தில் முத்தையா சாமி இருந்தார். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷமாக மூச்சுப் பழகுகிறவர். அவரிடம் போனாள்.

"ஒரே வார்த்தையில போன பதினொண்ணு, தாயி. ஒரே வார்த்தையிலதான் வரும். பதினோரு ஒடம்பும் அதது எடத்துல கெடக்கணும்" என்றார். "ஒவ்வொரு தடவையும் நாம வெளிய விடுறது பன்னெண்டு விரக்கடை, உள்ள வாங்குறது எட்டு. நாலு விரக்கடை நட்டம். அந்த நட்டந்தான் சாவு. அதத் தடுக்கத்தான் இத்தன காலமும் இத்தன பேரு மூக்கப் புடிச்சாக. ஒம் மகளுக்கு இப்ப நட்டமே இல்ல."

"அப்ப நல்லதா சாமி இது?"

"எனக்கும் நாலஞ்சு தடவ மூச்சு நிக்கிற எடம் வந்துச்சு. நிறுத்தல. பயம். நின்னா யாரு கூப்புடுவா? அந்தக் காலத்துல ஒருத்தரு படுத்தா, பக்கத்துல ஒரு ஆளு முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். எழுப்புறது அவன் சோலி. படுக்கிறவனப் பத்தித்தான் ஏட்டுல எழுதுனாக. ஒக்காந்திருந்தவனப் பத்தி ஒருத்தரும் எழுதல." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்த மூச்செல்லாம் வேகமாப் போகுதா, மெதுவாப் போகுதா? பாத்துக்க. அடங்கிருச்சுன்னா அப்பறம் கூப்புட்டுப் பிரயோசனம் இல்ல."

அன்றிலிருந்து பவளக்கொடி தினமும் காலையில் ஸ்டாப்வாட்ச்சோடு முதல் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாரம் நிமிஷத்துக்குப் பதினைந்து இழுப்பு. இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் நான்கு. எண்ணுவதற்கு நடுவில் நேரம் கூடக்கூட, அந்த நேரத்தை நிரப்பப் பேச ஆரம்பித்தாள். மகளிடம் நேரில் பேசாததையெல்லாம் பேசினாள். ஒருநாள் அதையும் சொல்லிவிட்டாள். "கோயம்புத்தூர் காலேஜ்லேர்ந்து ஒனக்குச் சீட்டு கெடச்சிருக்குன்னு போன வருஷம் கடுதாசி வந்துச்சும்மா. நான்தான் மறச்சு வெச்சுட்டேன். பீரோவுக்கு அடியில இருக்கு. நீயும் போயிட்டா அந்த வீட்ல நான் எப்படி இருப்பேன்? தப்புதான். எந்திரிச்சு வா, நானே கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன்." சொல்லி முடித்தபோது இழுப்புச் சத்தம் கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது. மன்னித்துவிட்டாள் என்று பவளக்கொடி நினைத்தாள், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

குகையின் உள்மூலையில், ஏழாவது படுக்கையில், ஒரு மூச்சு இழுப்பில்லாமல் மெல்லிசாகப் போய்வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஈரமும் வவ்வால் நாற்றமுமாக இருக்கும். அவள் அங்கே போகவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பதினோரு பேரையும் ஒருநாள் மேலே அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். சாமி குத்தம் என்றார்கள், பேனர் கட்டியவர்கள் மிரட்டினார்கள், சில புருஷன்கள் யோசிக்கலாம் என்றார்கள். எல்லோரையும்விட உறுதியாக மறுத்தவன் செங்கமலத்தின் மகன் திருவரசு. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம்.

"பன்னெண்டு வருஷம் டீச்சரம்மா. விடிய விடிய ஒக்காந்துக்கிட்டே இழுத்தாக எங்கம்மா. நான் பக்கத்துல முதுக நீவிக்கிட்டே ஒக்காந்திருப்பேன். இப்பதான் மல்லாந்து படுக்குறாக, பச்சப்புள்ள மாதிரி. அந்த மூச்ச மறுபடி அவுக நெஞ்சுக்குள்ள ஏத்தச் சொல்றீகளா?"

"அது அடங்கிருச்சுன்னா என்ன பண்ணுவ, தம்பி?"

"அடங்கட்டுமே. அதான் இருக்காகள்ல."

திரும்பி வருகிற வழியெல்லாம், தன் மகளும் பன்னிரண்டு வருஷம் இழுத்திருந்தால் தானும் இப்படித்தான் சொல்லியிருப்போமோ என்று நினைத்துப் பயந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் இளவேனில் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். தோசை கருகிப் புகைந்தது. பவளக்கொடி ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய், வடக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. சோற்றைத் தொடவில்லை. தண்ணீரை உதட்டில் வைத்தால் வழிந்தது. பவளக்கொடி தெருவுக்கு ஓடினாள். பதினோரு வீடுகளிலும் அதே நேரத்தில், ஒருத்தி துணி காயப்போடும்போது, ஒருத்தி பிள்ளைக்குப் பொட்டு வைக்கும்போது, ஒருத்தி பாதிக் கோலத்தில், எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதன்முதலாகக் குகையில் படுத்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு டீக்கடையைச் சாத்திவிட்டார்கள். பேனரை யாரோ கிழித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் திருவரசு வந்து வாசலில் நின்றான். "மேல தூக்கிட்டுப் போவோம் டீச்சரம்மா" என்று அழுதான்.

நாற்பதாம் நாள் காலையில் பதினோரு பேரையும் கட்டிலிலும் நாற்காலியிலும் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊரே குன்றேறியது. எந்தப் படுக்கையில் யார் என்று தடுமாற்றம் வரக்கூடாது என்பதற்காகப் பவளக்கொடி, போட்டோக்காரர் எடுத்துப் பேப்பரில் வந்திருந்த படத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருத்தியாகக் கிடத்தினாள். முதல் படுக்கையில் இளவேனில், ஏழாவதில் செங்கமலம். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். அறுபது நொடி, நூறு, நூற்றைம்பது. இருநூற்றுப் பத்தாவது நொடியில் முதல் படுக்கையிலிருந்து ஒரு சின்ன இழுப்பு வந்தது. இனி தாமதிக்க முடியாது. கிழக்கே திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு, நாற்பது நாள் முந்தி சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"மூச்ச உள்ள இழுங்க. வலது பக்கமாத் திரும்பிப் படுங்க. கைய ஊனி, மெதுவா எந்திரிங்க."

பதினோரு நெஞ்சுகள் ஒரே நேரத்தில் காற்றை வாங்கிய சத்தத்தில் வவ்வால்கள் கூட்டமாக வெளியே பறந்தன. குகை அழுகையும் கூச்சலுமாக நிறைந்தது. ஒருத்தி இருமினாள், ஒருத்தி புருஷனைப் பெயர் சொல்லித் திட்டினாள், அவன் கும்பிட்டுக்கொண்டே திட்டு வாங்கினான். பவளக்கொடி முதல் படுக்கைக்குப் பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கீச்சுக் கீச்சென்று இழுத்துக்கொண்டு, இளவேனில் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மல்லாந்து கிடக்க அவளால் முடியவில்லை.

"திருவரசு எங்க?" என்று கேட்டாள். மகளின் குரல்தான். "சாப்டானா புள்ள?"

பவளக்கொடியின் கை தானாக விலகியது.

உள்மூலையில் செங்கமலம் எழுந்து உட்கார்ந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடைத்த நரம்பையும், கழன்று விழுகிற வளையலையும், புறங்கைச் சுருக்கத்தையும் தொட்டுப் பார்த்தாள். அவள் மூச்சு இழுப்பில்லாமல் மெல்லிசாக வந்தது. பிறகு நிமிர்ந்து, டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் நம்பர் சொன்ன கட்டைக்குரலில் கூப்பிட்டாள்.

"அம்மா?"

எப்படி இப்படி ஆனது என்று இருவருமே சொன்னார்கள். போட்டோக்காரர் போன பிறகு வெயில் இளவேனில் கண்ணில் அடித்திருக்கிறது. உள்மூலையின் குளிர் செங்கமலத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திக்கலாமா அக்கா என்று கேட்டு இரண்டு பேரும் இடம் மாறிப் படுத்திருக்கிறார்கள். பவளக்கொடி கண்ணை மூடிக்கொண்டு பாதத்தை மறக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

"மறுபடி படுங்க. எல்லாரும் மறுபடி படுங்க" என்று பவளக்கொடி கத்தினாள். பதினோரு பேரும் படுத்தால்தான் முடியும். மற்ற ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள், அவள் வாயைப் பார்த்தார்கள், அதிலிருந்து இன்னொரு வார்த்தை வந்துவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டு படிகளில் விழுந்தடித்து ஓடினார்கள். அவர்கள் பின்னால் ஊரும் ஓடியது. திருவரசு மட்டும் நின்றான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிட்டு, பிறகு இழுக்கிற மூச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூச்சத்தோடு அந்தச் சின்ன முதுகை நீவிவிட்டான்.

இளவேனிலின் உடம்பிலிருந்த செங்கமலம், இழுப்புக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "நீங்க பேசுனதெல்லாம் எனக்குத்தான் கேட்டுச்சு டீச்சர். நான் இல்லன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்ல வாய் இல்ல. கடுதாசியப் பத்திச் சொன்னீகளே, அன்னைக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு."

"என்ன கடுதாசி?" என்று கேட்டாள் இளவேனில். ஐம்பத்தெட்டு வயது முகத்தில் இருபத்திரண்டு வயதுக் கண்ணீர் எங்கே வழிவதென்று தெரியாமல் சுருக்கங்களில் தங்கி நின்றது. "தினமும் நீ பேசுறது கேக்கும்மா. என்ன பேசுறேன்னு கேக்காது. இந்தப் பக்கம் வருவ வருவன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். ஒருநாள்கூட வரலையே. என்ன கடுதாசிம்மா?"

பவளக்கொடி சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. இந்தத் தடவை எதிரில் கேட்கிறவள் வாய் திறந்து பதில் சொல்லக்கூடியவள். ஆனால் இளவேனில் ஒரு பெருமூச்சு விட்டாள். நாற்பது நாளாக அந்த ஊரில் எல்லோரும் கேட்க ஏங்கிய பெருமூச்சு அது, பவளக்கொடிக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்குக் குன்றின் அடியில் நின்று பவளக்கொடி விசில் ஊதினாள். ஒன்பது வீடுகளிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் வந்தார்கள்: நாற்பது வயதுக்கு மேல் பெண்கள் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, திருவரசின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுக்க இழுக்க ஏறுகிற ஓர் இளம்பெண், இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு மூச்சு வாங்காமல் படியேறுகிற ஒரு மூத்த பெண். ஆனி முடிந்து ஆடி வந்தது. ஒன்பதில் ஒருத்தி, ஒரு நாள், ஜன்னலைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

மேலே போனதும் இளவேனில் ஏழாவது படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். பவளக்கொடி அந்த முதிர்ந்த முதுகில் காதை வைத்துக் கேட்பாள். எலும்பு துருத்திய முதுகு, வலி மருந்து வாசனை அடிக்கிற முதுகு, அதற்குள் அவள் பெற்ற மூச்சு, அதற்கு எத்தனை வருஷம் இருக்கிறதென்று கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டாப்வாட்ச்சை அவள் இப்போதெல்லாம் எடுத்துவருவதில்லை.

"போதும்மா, காது வலிக்கப்போகுது. செத்த நேரம் கண்ண மூடிப் படு" என்பாள் இளவேனில், அந்தக் கட்டைக்குரலில்.

"நீ படு. நான் முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்பாள் பவளக்கொடி.